அந்தக் கற்களுக்கு நடுவே இருபது நிமிடம் போதுமா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஐரோப்பியப் பயணம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது பெர்லினில் இருக்கும் யூதர் நினைவிடத்தை ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை மேசை நிறையக் கிடக்கின்றன. அதனால் இந்த வாரப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: அக்கா, டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் குழுப் பயணம் போகிறோம். மகள் உயர்நிலை இரண்டு, மகன் தொடக்கநிலை நான்கு. பெர்லினில் "யூதர் நினைவிடம், படம் எடுக்க 20 நிமிடம்" என்று நிரலில் போட்டிருக்கிறார்கள். என் அத்தையோ, "சந்தோஷமாப் போற இடத்துல சாவு வீட்டுக்கு எதுக்குப் போகணும், அதுவும் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு" என்கிறார். வீட்டுக்காரர் பேருந்திலேயே உட்கார்ந்துவிடலாம் என்கிறார். எனக்கு மட்டும் போக வேண்டும் போல இருக்கிறது. அங்கே எப்படி நடந்துகொள்வது, மகனுக்கு என்ன சொல்வது?
செங்காங் வாசகி

பதில்: உங்கள் அத்தை சொன்ன சொல் சரியான சொல், அதிலிருந்தே தொடங்குகிறேன். அது சாவு வீடுதான். சாவு வீட்டில் எப்படி இருப்பது என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வாங்க என்று அங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள், சேதி கேட்டு நாமாகப் போவோம், குரலைத் தாழ்த்திக்கொள்வோம், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம், கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். அந்த நினைவிடத்துக்கும் இது போதும். ஒரு வித்தியாசம்தான். நம் வீட்டில் ஒருவர் போனால் அழுவதற்கு நாலு பேர் இருப்பார்கள். ஹிட்லர் காலத்தில் நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பாட்டி, பேரன், சித்தி, சித்தப்பா என்று குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் ஏராளம், அழ வேண்டியவர்களும் கூடவே போய்விட்டார்கள். அழ ஆளில்லாத வீட்டில் அக்கம்பக்கத்தார் போய் நிற்பது நம் ஊர் வழக்கம்தானே. அதனால் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே யாரையும் புதைக்கவில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். அப்படியும் அவருக்கு மனம் கேட்கவில்லையென்றால், ஓட்டலுக்குத் திரும்பியதும் எல்லோரும் தலைக்குக் குளித்துவிடுங்கள், அவருக்கும் நிம்மதி.

நான் போனது ஒரு நவம்பரில், மதியம் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பிராண்டன்பர்க் வாயிலிலிருந்து சில நிமிட நடைதான், வேலி இல்லை, கதவு இல்லை, நகரத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் 2,711 கான்கிரீட் கற்கள், 19,000 சதுர மீட்டர் பரப்பு. வடிவமைத்தவர் பீட்டர் ஐசன்மேன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், ஜெர்மன் நாடாளுமன்றம் 1999 ஜூனில் தீர்மானம் போட்டு 2005 மே மாதம் திறந்தார்கள். எல்லாக் கற்களும் ஒரே நீளம், ஒரே அகலம், உயரம்தான் மாறுகிறது. தெரு ஓரத்தில் உட்காரலாம் போல இருக்கும், உள்ளே போகப் போகத் தரை இறங்கிக்கொண்டே போகும், கல் ஏறிக்கொண்டே போகும், நடுவில் நிற்கும்போது கல் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி 95 சென்டிமீட்டர். இரண்டு பேர் தோளோடு தோள் நடக்க முடியாது, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் ஏழெட்டு வயதுப் பெண்ணும் கைகோர்த்து வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கையை விட வேண்டியதாயிற்று, அம்மா முன்னால், பிள்ளை பின்னால். ஒரு முனையில் அந்தப் பெண் சும்மா திரும்பினாள், அவ்வளவுதான், ஆளைக் காணோம். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார், அந்த இரண்டாவது குரல் வேறு மாதிரி இருந்தது, எந்த மொழியாக இருந்தாலும் தாய்மார்களுக்கு அந்தக் குரல் தெரியும். பிறகு இரண்டு வரிசை தள்ளிச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் பக்கத்துக் கல்லில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கல் சில்லென்று, மழைத்தண்ணீர் வழிந்த கறையோடு, விரலுக்கு நெருநெருவென்று இருந்தது.

அந்தக் கற்கள் எதிலும் ஓர் எழுத்துகூடக் கிடையாது. பெயர் இல்லை, தேதி இல்லை. அதனால்தான் 20 நிமிடத்தில் மேலே மட்டும் சுற்றிவிட்டு வருகிறவர்கள், "ஏதோ கான்கிரீட் கட்டை வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறுகிறார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பெயர்கள் எல்லாம் கீழே இருக்கின்றன. கற்களுக்கு அடியில் ஒரு தகவல் நிலையம் இருக்கிறது, கட்டணம் இல்லை, திங்கட்கிழமை மூடியிருக்கும், வாசலில் பையைச் சோதிப்பதால் வரிசை நிற்கும். ஒரு கூடத்தில் சாகப் போகிறோம் என்று தெரிந்தவர்கள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் தரையில் விளக்கு வெளிச்சத்தில் பதித்திருக்கிறார்கள். இன்னொன்றில் பல நாடுகளைச் சேர்ந்த 15 குடும்பங்களின் கதை, கல்யாணப் படம், கடை வாசலில் எடுத்த படம், பிறகு அந்தப் படத்தில் இருப்பவர்களில் யார் யாருக்கு என்ன ஆனது என்ற விவரம். மூன்றாவது அறை இருட்டு. நான்கு சுவரிலும் ஒரே ஒரு பெயர் தோன்றும், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, அவர் யார் என்று இரண்டு மூன்று வரியை ஒரு குரல் வாசிக்கும், அப்புறம் அடுத்த பெயர். கொல்லப்பட்ட எல்லோரையும் இப்படி வாசித்து முடிக்க 6 ஆண்டு 7 மாதம் 27 நாள் ஆகும். நான் பதினைந்து பெயர் போல இருந்து கேட்டேன். உங்களால் ஐந்துதான் முடியுமென்றால் ஐந்து கேளுங்கள், ஆனால் கட்டாயம் கீழே இறங்குங்கள். பயண வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசி, கடைத்தெருவுக்கு விட்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்காரரையும் பேருந்தில் விட்டுவிடாதீர்கள்.

சரி, பிள்ளைகள். மகளுக்குப் பதினான்கு, அவள் கீழே வரலாம், பாதியில் வெளியே போக வேண்டும் என்றால் கேள்வி கேட்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். மகனை மேலே கற்களுக்கு நடுவே நடக்க விடுங்கள், கீழே வேண்டாம் என்பது என் கருத்து. போலந்தில் நாஜிகளின் கொலை முகாமாக இருந்த ஆஷ்விட்ஸில் உள்ள அருங்காட்சியகமே 14 வயதுக்குக் குறைந்தவர்களைக் கூட்டி வர வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

மகனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஒன்று அதே ஊரில் இருக்கிறது, குழுப் பயணக்காரர்கள் யாரும் கூட்டிப் போவதில்லை. பாயரிஷர் பிளாட்ஸ் என்ற ரயில் நிலையத்தில் இறங்கினால், சுற்றியுள்ள தெருக்களின் விளக்குக் கம்பங்களில் 80 சின்னப் பலகைகள் தொங்கும். ரெனாட்டா ஸ்டீ, ஃப்ரீடர் ஷ்னாக் என்ற இரண்டு கலைஞர்கள் 1993ல் மாட்டியவை. ஒரு பக்கம் குழந்தைப் புத்தகத்தில் வருவது போல ஒரு படம், மறுபக்கம் யூதர்களுக்கு எதிராக அன்று போட்ட ஒரு சட்டம் அல்லது உத்தரவு, தேதியோடு. யூதப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வரக்கூடாது. யூதர்கள் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் சாமான் வாங்கலாம். ஒரு பலகையில் பூனைப் படம், பின்னால் போனால், யூதர்கள் இனி வீட்டில் வளர்ப்புப் பிராணி வைத்திருக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். அதன் தேதி 15.2.1942.

அந்தத் தேதியைப் படித்துவிட்டு நான் மறுபடி ஒருமுறை படித்தேன். அது சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த நாள். நம் பிள்ளைகள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் பள்ளியில் முழுமைத் தற்காப்பு தினம் என்று அனுசரிக்கிற அதே நாள். இங்கே பெரியவர்கள் குண்டுக்குப் பயந்து பதுங்கிக் கிடந்த அன்றைக்கு, அங்கே யாரோ ஒருவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பூனையைப் பற்றி ஓர் உத்தரவு எழுதியிருக்கிறார். ரத்தம், பிணம் எதையும் காட்டாமல் பத்து வயதுப் பையனுக்கு இது புரியும். பள்ளிக்கூடம் தெரியும், கடை தெரியும், பூனை தெரியும். முதலில் அரசு வேலையைப் பிடுங்கினார்கள், பிறகு குடியுரிமை, பிறகு பள்ளி, 1941 செப்டம்பரில் ஆறு வயது ஆன பிள்ளை முதற்கொண்டு சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள், அடுத்த மாதமே பெர்லினிலிருந்து அவர்களை நாடு கடத்தும் ரயில் கிளம்ப ஆரம்பித்துவிட்டது. இதை வரிசையாகச் சொல்லுங்கள். அவன் "அக்கம்பக்கத்துல யாரும் ஏன்னு கேக்கலையாம்மா?" என்று கேட்பான். கேட்டால், கொஞ்சம் பேர்தான் கேட்டார்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அந்தக் கற்கள் மேல் நின்று என் நண்பர்கள் எடுத்த படத்துக்குக் கீழே பலர் திட்டி எழுதினார்கள். கட்டியவரே அதில் தப்பில்லை என்று சொன்னதாகப் படித்தேன். அப்படியானால் படம் எடுக்கலாமா, கூடாதா?
தெம்பனிஸ், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்

பதில்: ஐசன்மேன் அப்படிச் சொன்னது உண்மைதான். இது இடுகாடு அல்ல, இதற்கடியில் யாரும் இல்லை, மக்கள் கல்லில் உட்கார்ந்து சாப்பிடட்டும், வெயில் காயட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை என்பது அவர் எண்ணம். அந்த இடம் தினப்படி வாழ்க்கையிலிருந்து விலகிப் போய்விடக் கூடாது என்று அவர் நினைப்பது புரிகிறது. ஆனாலும் கல்லுக்குக் கல் தாவுவதை நினைவிடத்து விதியே தடுக்கிறது, உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியும் என்பதும் ஒரு காரணம். 2017ல் பெர்லினில் வாழும் ஷஹாக் ஷபீரா என்ற இஸ்ரேலிய எழுத்தாளர், அங்கே குதித்தும் சிரித்தும் எடுத்துக்கொண்ட பன்னிரண்டு பேர் படத்தை எடுத்து, பின்னால் இருந்த கல்லை நீக்கிவிட்டு, நாஜி முகாம்களில் எடுத்த பழைய படங்களை வைத்து இணையத்தில் போட்டார். குதிப்பவர் காலடியில் பிணக் குவியல். பார்த்தவர்களால் தாங்க முடியவில்லை, படத்தில் இருந்தவர்களே பலர் மன்னிப்புக் கேட்டார்கள், அவரும் ஒரு வாரத்தில் எடுத்துவிட்டார்.

தம்பி, கற்களைப் படம் எடு, வெளிச்சம் விழும் விதம் அழகுதான், அதில் தப்பில்லை. உன் முகத்தை வைத்து எடுக்க வேண்டாம் என்பேன். துக்கத்துக்குப் போன இடத்தில் பந்தலுக்குக் கீழே நின்று நாம் யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: ஜெர்மனியில் நாஜிகளால் இறந்தவர்கள் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி நடைபாதையிலேயே பதித்திருக்கிறார்களாம். மகன் படம் அனுப்பினான். காலில் படுகிற இடத்தில் பெயரை வைப்பது அவமரியாதை இல்லையா?
உட்லண்ட்ஸ், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பதில்: ஐயா, எழுத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகளாக எங்களை வளர்த்தவர் நீங்கள், உங்களுக்கு அப்படித் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அங்கேயும் இதே சண்டை நடந்திருக்கிறது. யூதர்களிலேயே சிலர் இது எங்கள் பெயரை மறுபடி மிதிப்பது என்றார்கள், மியூனிக் நகர மன்றம் அதனாலேயே பொதுத் தெருக்களில் பதிக்க அனுமதிக்கவில்லை. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992ல் தொடங்கியது இது, 2023ல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர், இறந்தவர் கடைசியாக விருப்பப்பட்டு வாழ்ந்த வீட்டு வாசலில்.

எனக்கும் முதலில் கால் கூசியது. அப்புறம் ஒன்றைப் படிக்கக் குனிந்தேன். "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, எந்த ஊருக்கு அனுப்பினார்கள், எங்கே கொன்றார்கள். படிக்க வேண்டுமென்றால் குனிந்தே ஆக வேண்டும். அன்றைக்கு நான் போன தெருவில் ஓர் அம்மாள் முட்டி போட்டு உட்கார்ந்து, சமையலறைத் துணியால் ஒரு தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார், வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் துலக்குவது போல, ஓரங்களில் விரல் நகத்தை விட்டு. நவம்பர் 9, யூதக் கோயில்களையும் கடைகளையும் 1938ல் கொளுத்திய நாள் வருகிறது, அதற்காக என்றார். தேய்த்துத் தேய்த்து அந்தப் பெயர் பளபளவென்று ஆகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு எனக்கு அது அவமரியாதையாகத் தெரியவில்லை ஐயா.

கேள்வி: ஐரோப்பாவுக்கெல்லாம் போக வசதியில்லை. இங்கே ஏதாவது இருக்கிறதா?
ஈசூன் வாசகர்

பதில்: வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அதே தெருவில் நடந்தால் மகைன் அபோத் யூதக் கோயில், 1878ல் கட்டியது, தென்கிழக்காசியாவிலேயே பழமையானது. பக்கத்துக் கட்டடத்தில் சிங்கப்பூர் யூதர்களைப் பற்றிய அருங்காட்சியகமும் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். இங்கே முதலில் வந்த யூதர்கள் பெரும்பாலும் பாக்தாத்திலிருந்து கல்கத்தா வழியாக வந்தவர்கள், நம்மைப் போலவே கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள். ஜப்பான்காரன் காலத்தில் அவர்களில் பலரைச் சாங்கிச் சிறையிலும் பிறகு சைம் ரோடு முகாமிலும் அடைத்தார்கள். நம் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் ஒரு யூதர், தொண்டர் படையில் சேர்ந்து போரிட்டுக் கைதாகி ஹொக்கைடோ வரை கொண்டு போகப்பட்டவர்.

அப்படியே பீச் ரோடு பக்கம் போய், போரில் மாண்ட பொதுமக்கள் நினைவுத்தூணின் அடியில் நில்லுங்கள். தினமும் பேருந்திலிருந்து பார்க்கிறோம், கிட்டப் போனவர்கள் குறைவு. கீழே தமிழிலும் எழுதியிருக்கிறது. அந்த மேடைக்கு அடியில் பெயர் தெரியாதவர்களின் எலும்புகள் தாழிகளில் இருக்கின்றன.

கேள்வி: கோபிக்காதீர்கள். போர்க்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில் செத்த நம் ஆட்களுக்கு யார் கல் வைத்தார்கள்? யூதர்களுக்காக நாம் ஏன் பெர்லின் வரை போய் நிற்க வேண்டும்?
ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: எனக்குக் கோபம் இல்லை. என் தாத்தாவின் அண்ணன் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர், வரவேயில்லை. பாட்டி அவரை "சயாம் மாமா" என்று மட்டும்தான் சொல்வார், கொழுந்தனாரும் மூத்தாரும் பெயர் சொல்லக் கூடாதவர்கள் அந்தக் காலத்தில். அதனால் அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அந்தப் பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன், ஏறக்குறைய 7,000 கல்லறை, வரிசை வரிசையாகப் பெயர், வயது, வீட்டார் எழுதிய ஒரு வரி. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்டவர்கள் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் என்று ஆசியத் தொழிலாளர்கள்தான், அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் வெட்டிய கல் கிடையாது. எனக்கும் வயிறு எரிந்தது.

ஆனால் அந்த எரிச்சலை யூதர்கள் மேல் திருப்ப எனக்கு மனம் வரவில்லை, அவர்களிடம் கற்றுக்கொள்ளத்தான் தோன்றியது. யாரும் அவர்களுக்குப் பெயர்ப் பட்டியலைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஜெருசலேமில் யாத் வாஷெம் என்ற அமைப்பு 1950களிலிருந்து ஒரு தாளை வைத்துக்கொண்டு பிழைத்தவர்களிடமெல்லாம் கேட்டது. இறந்தவர் பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், கடைசியாக எங்கே பார்த்தீர்கள். சொந்தக்காரர் எழுதலாம், பக்கத்து வீட்டுக்காரர் எழுதலாம், தெரிந்த அளவு போதும், முழுப் பெயர் தெரியாவிட்டால் தெரிந்த பாதி. ஒரு ஆளுக்கு ஒரு தாள். இப்படியும் மற்ற ஆவணங்களிலிருந்தும் சேர்த்துச் சேர்த்துக் கிட்டத்தட்ட 50 லட்சம் பெயர் வந்துவிட்டது. பெர்லினில் அந்த இருட்டறையில் நான் கேட்ட பெயர்களிலும் அப்படி யாரோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவை இருந்திருக்கும்.

ஊருக்கு வந்ததும் ஜொகூரில் இருக்கும் பெரிய அத்தைக்குப் போன் போட்டேன், அவருக்கு 88 வயது. சயாம் மாமா பெயர் என்ன என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முனுசாமின்னு நினைக்கிறேன், இல்ல முனியாண்டியோ, காதுல கடுக்கன் போட்டிருப்பாராம்" என்றார். ஒரு தாளில் இரண்டு பெயரையும் எழுதி, கடுக்கனையும் எழுதி, தோட்டத்தின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர் இருந்தால், பெயர், ஊர், தோட்டம், யார் சொல்லித் தெரியும் என்று ஒரு தாளில் எழுதி இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள், பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். வருகிற பெயரை எல்லாம் அடுத்த இதழிலிருந்து இதே பக்கத்தில் போடுகிறேன். முதல் தாள் என்னிடம் இருக்கிறது.